கருதாத உதவிக்கு நன்றி உண்டா?

வள்ளுவப் பெருந்தகை செய்ந்நன்றியறிதலுக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். நன்றி என்பது உதவியவரின் உள்ளத்தை நோக்கி எழும் உணர்வு. ஆயின், நமக்கு உதவும் எண்ணமே இன்றித் தன் வயிற்றுக்காகவும் தன் குஞ்சுகளுக்காகவும் உழைக்கும் ஓர் உயிரால் நாம் நலம் பெற்றால், அதற்கும் நாம் கடன்பட்டவர் ஆவோமா? இவ்வினாவை எழுப்புவது, சாணியுருட்டி என்று சிற்றூர்களில் வழங்கப்பெறும் எளிய சாணவண்டு.

இவ்வண்டு சாணத்தை உண்கிறது; அதனை மண்ணுக்குள் புதைத்து முட்டையிடுகிறது. அதனால் நிலம் உரம் பெறுகிறது. மண்ணுள் காற்றும் நீரும் புகுகின்றன. ஈக்கள் பெருக வழியின்றிப் போகிறது. இதன் அருமையை, இதன் பணி நடவாத நாடு ஒன்றே உலகுக்கு உணர்த்திற்று.

1788இல் ஆங்கிலேயர் ஆஸ்திரேலியாவில் குடியேறியபோது சில மாடுகளையும் உடன் கொண்டுசென்றனர். அவை காலப்போக்கில் கோடியைத் தாண்டிப் பெருகின. அந்நாட்டிலும் சாணவண்டுகள் உண்டு. எனினும் அவை கங்காரு முதலியவற்றின் உலர்ந்த சிறு உருண்டைகளுக்கே பழகியவை. மாட்டின் நெகிழ்ந்த சாணத்தை அவற்றுள் பெரும்பாலானவை நாடவில்லை. சாணம் மாதக்கணக்கில் மேய்ச்சல் நிலத்தில் காய்ந்து கிடந்தது. புல் மடிந்தது, ஈக்கள் பெருகின. மாட்டைக் கொண்டுவந்தோர், அதன் பின்னே தொண்டாற்றிய சிற்றுயிரை எண்ணினாரில்லை.

இக்குறையை உணர்ந்தவர் அந்நாட்டுக்குப் புதிதாக வந்த ஒருவரே. ஹங்கேரியில் பிறந்து 1950ஆம் ஆண்டின் இறுதியில் அங்குச் சென்ற ஜார்ஜ் போர்னமிஸ்ஸா என்னும் பூச்சியியல் அறிஞர், ஐரோப்பிய வயல்களில் காணாத காட்சியை அங்கே கண்டார். பிறந்த மண்ணை விட்டு வந்தவர் எதனையும் ஒப்பிட்டே நோக்குவார் என்பதை வெளிமாநிலங்களில் வாழும் நாம் நன்கறிவோம். அவர்தம் முயற்சியால் 1965 முதல் 1985 வரை ஆப்பிரிக்கா, ஐரோப்பா முதலிய இடங்களிலிருந்து வண்டுகள் கொணரப்பெற்றன. நோய் புகாதிருக்க முட்டைகளைத் தூய்மை செய்து, கையால் உருட்டிய சாண உருண்டைகளுள் வைத்து வளர்த்தனர். 43 இனங்கள் விடப்பெற்று, 23 நிலைபெற்றன. இத்தகைய எச்சரிக்கை தேவையே. 1935இல் கரும்பை அழிக்கும் வண்டுகளை ஒழிக்கவெனக் கொணரப்பெற்ற தேரை, வந்த வேலையை விட்டுப் பெருகிப் பரவித் தீராத் தொல்லையாயிற்று. பின்னர் வந்த சாணவண்டுகளையும் அது விழுங்குகிறது.

ஆயினும் பணி முற்றவில்லை. வண்டுகளுக்குப் பருவம் உண்டு. ஓரினம் கோடையில் உழைக்கும், மற்றோரினம் குளிர்காலத்தில். தென்மேற்கு ஆஸ்திரேலியாவில் ஈக்கள் பெருகத் தொடங்கும் இளவேனிற் காலத்திலோ உழைப்பார் இலர். அலுவலகத்தில் ஒருவர் விடுப்பில் செல்ல, பொறுப்பேற்பார் இன்றிக் கோப்புகள் குவிவது போன்றதே அது. அவ்விடைவெளியை நிரப்ப 2010களில் ஐரோப்பாவிலிருந்து மேலும் இரண்டு இனங்கள் தேடிக் கொணரப்பெற்றன.

நம் நாட்டில் இவ்வண்டுகளைத் தேடிக் கொணர வேண்டியதில்லை. மழைக்காலம் தொடங்கியதும் அவை மண்ணிலிருந்து தாமே வெளிப்படுகின்றன. ஆனால் கால்நடைகளின் புழுக்களை நீக்கத் தரப்படும் ஐவர்மெக்டின் என்னும் மருந்தின் எச்சம் சாணத்தில் தங்கி, வண்டின் இளம்புழுக்களைக் கொல்லவல்லது. மருந்தே வேண்டாம் என்பதன்று என் கருத்து. வண்டுகள் முட்டையிடும் பருவத்தில் மந்தை முழுவதற்கும் அதனைத் தரவேண்டுமா என எண்ணிப் பார்க்கலாமன்றோ?

"வண்டு நமக்காக உழைக்கவில்லையே, கடன் ஏது?" எனச் சிலர் வினவலாம். வண்டின் உள்ளத்தில் நம்மைப் பற்றிய நினைவு இல்லை என்பது உண்மையே. ஆனால் காட்டை மேய்ச்சல் நிலமாக்கியவரும், மாட்டைக் கடல் கடத்தியவரும், மருந்து புகட்டியவரும் மனிதரே. பயனைத் துய்த்தவரும் அவரே. கடன் பிறப்பது அங்கேதான். ஒரு நிலத்தை மாற்றுமுன், அங்கே எப்பருவத்தில் எவ்வுயிர் உழைக்கிறது எனக் கேட்டறிதலே அக்கடனைத் தீர்க்கும் முதற்படியாகும்.