தாமதமும் அறமும்

ஊருக்குப் போதல் என்பது மலையக மக்களின் வாழ்க்கையில் வெறும் பயணமன்று. அஃது ஒரு கடனுமாகும். கொழும்பிலே கடைகளிலும் வீடுகளிலும் தொழில் புரிவோரும், மத்திய கிழக்கு நாடுகளுக்குச் சென்றோரும் விடுமுறை வாய்க்கும்போது பெற்றோர் முகங்காண மீள்கின்றனர். அவ்வாறு மீள்வோரை மழையும் புயலும் வழியிடையே தடுக்குமாயின், அத்தாமதத்தை அறநோக்கில் எவ்வாறு மதிப்பிடுதல் வேண்டும்? அதனால் யாருக்கேனும் தீங்கு இழைக்கப்படுகின்றதா? ஆமெனின், இழைத்தவர் யார்?

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதனை நோக்குவோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது, கட்டுநாயக்கவில் இறங்கவேண்டிய விமானங்கள் சில வேறு நிலையங்களுக்குத் திருப்பப்பட்டன. பதுளைக்குச் செல்லும் புகையிரதப் பாதை மண்சரிவுகளால் துண்டிக்கப்பட்டது. வளைகுடா நாடொன்றிலிருந்து பூனாகலைக்குப் புறப்பட்ட ஓர் இளைஞனை இச்சூழலில் வைத்து எண்ணிப் பார்ப்போம். திருக்கார்த்திகைக்கு வீட்டில் இருப்பேன் எனத் தாய்க்கு அவன் வாக்களித்திருக்கின்றான். விமானமோ அவனை அயல்நாட்டு நிலையமொன்றில் இறக்கிவிடுகின்றது. இரண்டு ஆண்டுகள் காத்திருந்து பெற்ற விடுமுறையின் நாட்கள் அங்கேயே கழிகின்றன. அவன் சினங்கொள்கின்றான்.

அச்சினம் இயல்பானதே, ஆனால் நியாயமானதா? புயலினூடே இறங்க மறுத்த விமானி அவனுக்குத் தீங்கு செய்தவரல்லர். மகனை உயிரோடு காணவேண்டும் என்ற தாயின் விருப்பத்தையே அவர் காத்தார். வாக்குத் தவறிவிட்டதே எனின், இயலாத ஒன்றைச் செய்யும் கடமை எவர்க்கும் இல்லை என்பது கான்ற் முதலிய மெய்யியலார் வலியுறுத்திய கொள்கையாகும். குறித்த நாளில் வருவேன் என்று சொல்பவன், வழி இருக்குமாயின் வருவேன் என்றே சொல்கின்றான். எனவே இத்தாமதத்தில் இழப்பு உண்டு, குற்றம் இல்லை.

நமது பழைய இலக்கிய மரபு இவ்விடத்து நினைவுக்கு வருகின்றது. முல்லைத்திணையில் கார்காலமே தலைவன் மீள்வதாகச் சொல்லிச் சென்ற பருவம். மழை பெய்தால் அவன் வருவான் என்பது தலைவியின் நம்பிக்கை. இருத்தல் அவளது ஒழுக்கம். மலையகத்திலோ இது தலைகீழாகின்றது. ஒக்டோபர் தொடங்கி வடகீழ்ப் பருவக்காற்று ஓயும்வரை ஊவாவின் சரிவுகளில் மழை மிகுதி. தீபாவளியும் கார்த்திகையும் தைப்பொங்கலும், அதாவது ஊர் திரும்பும் நாட்களெல்லாம், அப்பருவத்திலேயே வருகின்றன. மீளுதற்குரிய காலமே மீளுதலைத் தடுக்குங் காலமுமாகின்றது.

இனி, காத்திருக்கும் தாயின் பக்கம் திரும்புவோம். மகன் ஏன் வரவில்லை என்பது மட்டுமே அவளது கவலை என நாம் எண்ணுவோமாயின் தவறிழைத்தவராவோம். வானத்தில் விமானத்தைத் தடுத்த அதே மழை அவளது லயன் அறைக்குப் பின்னாலுள்ள மண்மேட்டிலும் இறங்கிக்கொண்டிருக்கின்றது. மகன் நிலையத்தின் விளக்கொளியில் பாதுகாப்பாக அமர்ந்து சலிப்படைகின்றான். அவளோ இருளில் மண்ணின் ஓசைக்குச் செவிகொடுத்து உறங்காதிருக்கின்றாள். இருவரும் காத்திருக்கின்றனர், ஆயினும் இரண்டும் ஒரே காத்திருப்பு அல்ல.

ஆகவே தாமதம் இருவகைப்படும். ஒன்று, ஆபத்து நீங்கும்வரை மனிதரைத் தடுத்து வைப்பது. மற்றொன்று, ஆபத்து நெருங்கும்வரை மனிதரை அங்கேயே விட்டுவைப்பது. முன்னது காப்பு, பின்னது கைவிடல்.

இரண்டாவது வகைக்குப் பூனாகலையின் அயலிலேயே சான்று உண்டு. கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு அபாயம் உளதென்றும், அங்குள்ளோர் அகற்றப்படல் வேண்டுமென்றும் 2005இலும் 2011இலும் எச்சரிக்கைகள் விடுக்கப்பட்டிருந்தன. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில், தீபாவளி முடிந்து சரியாக ஒரு வாரத்தில், மலை சரிந்து லயன்களை மூடியது. பாடசாலைக்குச் சென்றிருந்தமையால் உயிர் தப்பிய பிள்ளைகள் சிலர் திரும்பியபோது வீடுமில்லை, பெற்றோருமில்லை. வீடு திரும்புதலில் மிகச் சிறிய தூரம் பாடசாலையிலிருந்து திரும்புவதே. அத்தூரமும் அன்று கடக்கவொண்ணாததாயிற்று. பூனாகலைப் பக்கமுள்ள மக்கல்தெனியவில் அம்மக்களுக்கென 75 வீடுகள் 2016இல் கையளிக்கப்பட்டன. சரிவுக்குப்பின் ஈராண்டுகளில் இயன்றது, முதல் எச்சரிக்கைக்குப்பின் ஒன்பது ஆண்டுகளில் இயலாது போனது ஏன்? 2023 மார்ச் 19ஆம் திகதி பூனாகலை கபரகலைத் தோட்டத்திலும் மண் சரிந்து லயன் வீடுகள் சேதமுற்றன. குடும்பங்கள் பல இடம்பெயர்ந்தன.

எச்சரிக்கப்பட்ட பின்னரும் மக்களே வெளியேறவில்லை என்று கூறுவாருமுளர். இக்கூற்றை ஆராய்தல் வேண்டும். விமானப் பயணியிடம் எவரும் எச்சரிக்கையைச் சொல்லிவிட்டு, விருப்பமாயின் பற என விட்டுவிடுவதில்லை. அவனுக்குத் தங்க இடமும் மாற்று வழியும் காட்டுதல் தமது பொறுப்பெனப் பிறர் ஏற்கின்றனர். தோட்டத் தொழிலாளிக்கோ எச்சரிக்கை மாத்திரமே கிடைத்தது. குடியிருக்கும் அறையும் அதன் நிலமும் அவருடையதன்று. வெளியேறிச் செல்லக் காணி இல்லை. நாட்சம்பளம் தரும் மலையோ அங்கேயே இருக்கின்றது. செல்ல இடமில்லாதவரைச் செல்லவில்லை எனக் குறைகூறுதல் அறமாகாது. இயலாததைச் செய்யும் கடமை எவர்க்கும் இல்லை என்ற கொள்கை மகனுக்குப் பொருந்துமாயின் தாய்க்கும் பொருந்தும். ஆனால் மகனைத் தடுத்தது புயல். தாயைத் தடுத்தது மனிதர் செய்யத் தவறிய செயல். எனவே அங்கே குற்றம் இல்லை; இங்கே குற்றம் உண்டு.

இக்குற்றத்தில் மீள்பவனுக்கும் ஒரு சிறு பங்கு உண்டோ என வினவுதல் கடுமையாகத் தோன்றலாம். எனினும் வினவியே ஆகவேண்டும். தொலைவில் வாழும் நாம், விட்டுவந்த வீடு விட்டுவந்தவாறே இருக்கவேண்டுமென விரும்புகின்றோம். அனுப்பும் பணத்தில் அதே லயனுக்கு ஓர் அறையைக் கூட்டுகின்றோம். தரைக்குச் சீமெந்து பூசுகின்றோம். மேலே நிற்கும் மலையைப் பார்ப்பதில்லை. நம் ஏக்கத்துக்கு அவ்வீடு வேண்டும் என்பதற்காக நம்மவர் அபாயத்தில் இருத்தல் அன்பின் பாற்படுமா? குறித்த நாளில் போய்ச் சேர்தல் மட்டுமே வீட்டுக்கு ஆற்றும் கடன் அன்று. காத்திருப்போர் அச்சமின்றிக் காத்திருக்கத்தக்க காணியும் வீடும் கிடைக்கும்வரை, தனித்தும் கூடியும் அவற்றைக் கேட்டுக்கொண்டேயிருத்தல் அதனினும் பெரிய கடனாகும். கற்றறிந்து பல்கலைக்கழகம் வரை வந்த தோட்டத்துப் பிள்ளைகளாகிய நம்மை இக்கடன் முதலிற் சாரும்.

வீடு என்னும் சொல் விடு என்னும் வினையிற் பிறந்தது என்பர். துன்பத்தினின்று விடுபட்டுத் தங்குமிடமே வீடு. அவ்விளைஞன் நான்கு நாள் பிந்தியேனும் பூனாகலைக்குப் போய்ச் சேரட்டும். தாய் அவனைத் தாமதத்துக்காகக் கடியமாட்டாள். ஆனால் மழை மீண்டும் தொடங்கும் அன்றிரவு, அவள் உறங்காதிருப்பதை அவன் காண்பான். பதில் சொல்லவேண்டிய தாமதம் எதுவென்பது அப்பொழுது அவனுக்கு விளங்கும்.