படத்தில் மிஞ்சிய சாமி

புதுச்சேரி சென் லூயி வீதியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தை 1955-இல் தொடங்கியவர் ழான் ஃபிலியோசா. கண் மருத்துவர், இந்திய மருத்துவ நூல்களில் தோய்ந்தவர். அதனால்தானோ என்னவோ, மகரந்தத்தூள் ஆய்வும் சைவ ஆகமச் சுவடிகளும் அங்கே ஒரே கூரையின்கீழ் குடியிருக்கின்றன. அந்தச் சுவடித் தொகுப்பை 2005-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

அதே நிறுவனம் கோயில் கோயிலாகப் போய்ப் படமெடுத்தும் வைத்திருக்கிறது. லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். உற்சவ மூர்த்தியைப் பட்டும் மாலையுமாகவே ஊர் பார்த்திருக்கும். ஆய்வாளருக்கோ அலங்காரம் களைந்த திருமேனி வேண்டும். விரல் வளைவும் பீடத்தின் விளிம்பும் தெரிந்தால்தான் காலம் சொல்ல முடியும். சாமியை அப்படிப் படமெடுப்பது தகுமா? பக்தர் கூசுவதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. வணங்கப்படுவதை வெறும் பொருளாக்கிவிடுவார்களோ என்ற அச்சம் அது.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் பூட்டிக் கிடந்த கோயிலிலிருந்து 2006-இல் நடராசர் திருடுபோனார். ஊருக்கே நெடுநாள் தெரியவில்லை. 2008-இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் அவரைச் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. இன்ன கோயில் சாமி இவர் என்று அடையாளம் காட்டியது புதுச்சேரிப் படம். 2014-இல் அவர் நாடு திரும்பினார்.

படமெடுத்தவர்கள் வென்றார்கள் என்று இங்கே முடித்துவிடலாம். ஆனால், விளைவு நல்லதாகப் போனது என்பதற்காக, ஊரைக் கேட்க வேண்டிய கடமை இல்லாமல் போகாது. எடுத்தவருக்கே பின்னால் நடக்கப்போவது தெரியாதே! இன்னொரு சிக்கலும் உண்டு: சாமியை மீட்க உதவும் படம், எந்தக் கோயிலில் எது இருக்கிறது என்று திருடனுக்கும் சொல்லும். அதற்காகப் பெட்டியில் பூட்டிவைத்தால், களவே வெளியே வராது. படத்தை யாவரும் காணத் திறந்துவைப்பதே மேல் எனலாம். எடுக்கும் முன் குருக்களிடமும் ஊராரிடமும் கேட்டு, ஒரு பிரதியை அவர்களிடமே கொடுத்திருந்தால்.

திரும்பி வந்த நடராசர் நேரே ஸ்ரீபுரந்தான் போய்ச் சேரவில்லை. வழக்கின் சான்றுப்பொருள் ஆகிவிட்டார். கும்பகோணத்தில் திருமேனிப் பாதுகாப்பு மையத்தில் வைத்தார்கள். ஆய்வாளரின் படம் அவரைப் பொருளாக்கிவிடும் என்று அஞ்சிய பக்தர், நீதிமன்றத்தின் இந்தக் காப்பை என்னவென்று சொல்வார்?