உடற்பயிற்சியும் நடுவுநிலையும்

உடலை வலிமையுறப் பயிற்றுவார்க்கு ஊக்கம் நிலைபெறுவது எங்ஙனம் என்பது ஈண்டு ஆராயற்பாலது.

1901-ஆம் ஆண்டில் யூஜின் சாண்டோ என்பார் இலண்டன் மாநகரில் உடற்கட்டுப் போட்டியொன்று நடாத்தினர். ஆண்டுத் தசையின் பருமையொன்றே நோக்காது, உறுப்புக்களின் பொருத்தமும் உடல்நலமும் ஒருங்கு நோக்கியே பரிசில் வழங்கப்பட்டது. இதனால், பருமையினும் பொருத்தமே சிறந்ததென்பது பெறப்படும்.

அற்றேல், ஓய்வின்றிப் பயில்வதன்றோ ஊக்கமெனின், அன்று. பயிற்சியால் நைந்த தசை ஓய்விலும் உறக்கத்திலுமே செப்பமுற்று வளரும். ஆகலின், ஓய்வும் பயிற்சியின் ஒரு கூறேயாம்.

இனி, பிறருடலைக் கண்டு பிறந்த ஊக்கம் அழுக்காறாய்த் திரிந்து விரைவில் அவியும். உடல் உயிர்க்குக் கருவியென உணர்ந்து, அதனாற் செய்யும் அறத்தை நோக்கிப் பிறந்த ஊக்கமோ முதுமையினுங் குன்றாது. கருவியைப் பேணாதான் தொழிலை இழப்பன். கருவியே பயனெனக் கொண்டானும் அதனை இழப்பன். இவ்விரண்டற்கும் நடுவே நிற்றல் அறிவுடையார் கடனென்க.