வாயில்லாப் பிள்ளையின் ஹக்கு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

நாயகம் (ஸல்) அவர்கள் குறைஷித் தலைவர்களோடு பேசிக்கொண்டிருந்த வேளையில், கண்பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் மார்க்கம் கற்க வந்தார்கள். அவ்வேளை அவர்களைக் கவனியாது விட்டமைக்காக அல்லாஹ் ‘அபஸ’ சூராவை இறக்கிக் கண்டித்தான். பின்னர் அதே ஸஹாபிக்கு நாயகம் அவர்கள் மதீனாவில் பாங்கு சொல்லும் பணியைக் கொடுத்தார்கள். தாம் வெளியே சென்ற காலங்களில் ஊர்ப் பொறுப்பையும் ஒப்படைத்தார்கள். கற்க வந்த குறையுடையோரின் கண்ணியத்துக்கு வேறு சான்று வேண்டுமோ?

நம் பிள்ளைகளில் பேச இயலாத ஒருவன் பள்ளியில் அடிபட்டு வந்தால் நாம் செய்வதென்ன? “வெளியே தெரிந்தால் வெட்கம், கடையைப் போட்டுவிட்டு அலைய முடியுமா?” என்று பள்ளியிலிருந்தே நிறுத்திவிடுகிறோம். இது ஸப்ர் அல்ல, சகோதரர்களே! பிள்ளை நம்மிடம் அமானிதம். அவனுடைய ஹக்கை விட்டுக்கொடுக்க நமக்கு ஏது அதிகாரம்?

சரக்கு மூட்டை கிழிந்து வந்தால் அன்றே ஆள் வைத்துப் பார்த்து, தேதியிட்டு எழுதிவைப்போமல்லவா? இங்கும் அப்படியே செய்யுங்கள். காயத்தைப் படமெடுங்கள், ஆஸ்பத்திரியில் காட்டி அறிக்கை பெறுங்கள். பிள்ளை சைகையால் காட்டியதை, கூட்டாமல் குறைக்காமல் எழுதுங்கள். தலைமையாசிரியருக்கு எழுத்து மூலம் முறையிட்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பதிலில்லையேல் மாவட்டக் கல்வி இலாகாவுக்குச் செல்லுங்கள். காயம் பட்டிருந்தால் எதற்கும் காத்திராமல் போலீசில் புகார் செய்யுங்கள். 15999 என்ற தொலைபேசி எண்ணிலும் அறிவிக்கலாம்.

மலேசியாவின் 2001ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் 31ஆம் பிரிவின்படி, தன் பராமரிப்பிலுள்ள பிள்ளையைக் கொடுமைப்படுத்துபவருக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதமோ, 20 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். 2008ஆம் ஆண்டு உடற்குறையுடையோர் சட்டம், குறையைக் காரணம் காட்டிப் பொதுக்கல்வியிலிருந்து ஒதுக்கலாகாது என்கிறது. ஆயினும் மீறுவோருக்கு அதில் தண்டனை இல்லை; ஆகவே அதை மட்டும் நம்பியிராதீர்கள். அரசாங்கப் பள்ளிமீது நஷ்டஈட்டு வழக்குத் தொடுப்பதானால் 36 மாதங்களுக்குள் தொடுக்க வேண்டும். தவணை தப்பினால் என்னாகும் என்பதை வியாபாரிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வக்கீலை முன்னரே காணுங்கள்.

ஒன்று மட்டும் மறவாதீர்கள். செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படி குர்ஆன் ஏவுகிறது. விசாரியாமல் ஓர் ஆசிரியரைச் சந்தியில் இழுப்பதும் அநியாயமே. நீதியைக் கேட்பவர் நீதியோடு கேட்கட்டும்.

வாயில்லாப் பிள்ளைக்கு வாப்பாவே வாய். நாளை மஹ்ஷரில் அந்த வாய் ஏன் மூடியிருந்தது என்று கேட்கப்படுமுன், இன்றே திறப்போமாக! ஆமீன்.