தூரத்தில் இருந்து ஒரு கொண்டாட்டம்

அன்பு செலுத்துவதற்குத் தூரம் தடையா, உதவியா? காதலர்களைப் பற்றிய கேள்வியாக இருந்தால் கவிஞர்கள் எப்போதோ பதில் சொல்லி முடித்துவிட்டார்கள். நான் கேட்பது ஒரு கலையைப் பற்றி. ஒரு சிறு தேசத்தில் பிறந்து வளர்ந்த வாத்தியத்தை, அந்தத் தேசத்து மண்ணை மிதித்தே அறியாத ஒருவன் பல்லாயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு, 'இது என்னுடையது' என்று கொண்டாடலாமா? அந்தக் கொண்டாட்டத்துக்கு ஏதாவது பெறுமானம் உண்டா? அல்லது அது வெறும் பொழுதுபோக்குத்தானா?

இந்தக் கேள்வியை எனக்குள் கிளப்பிவிட்டது ஓர் அயர்லாந்து வாத்தியம். 'இல்லன் பைப்ஸ்' என்று அதற்குப் பெயர். போலீஸ் பாண்டிலும் ராணுவ அணிவகுப்பிலும் கன்னத்தை உப்பவைத்து ஊதிக்கொண்டு நடப்பார்களே, அந்தப் பைக்குழலுக்கு இது சகோதரி. ஆனால் சுபாவம் வேறு. அது வீதியில் முழங்குவது; இது கூடத்தில் உட்கார்ந்து பேசுவது. இதை வாயால் ஊதுவதில்லை. வலது முழங்கைக்கு அடியில் ஒரு சிறு துருத்தி. கொல்லன் உலையில் இருக்கிறதே, அதே தத்துவம்தான். துருத்தி தரும் காற்றை இடது கை இடுக்கில் உள்ள தோல் பை சேர்த்து வைத்துக் குழல்களுக்கு அனுப்புகிறது. 'இல்லன்' என்ற பெயரே முழங்கையைக் குறிக்கும் ஐரிஷ் சொல்லிலிருந்து வந்ததுதான். விரல்கள் ஓடுகிற குழல் ஒன்று. அதில் இரண்டு ஸ்தாயி பேசும். மடிமேல் கிடக்கும் சுருதிக் குழல்கள் மூன்று. இவை போதாதென்று, மணிக்கட்டால் அழுத்தித் துணைச் சுரங்களை எழுப்ப இன்னும் மூன்று குழல்கள். இரண்டு முழங்கை, பத்து விரல், மணிக்கட்டு, தொடை எல்லாம் சேர்ந்து உழைத்தால்தான் ஒரு பாட்டு. 'கற்க ஏழு வருஷம், பழக ஏழு வருஷம், வாசிக்க ஏழு வருஷம், ஆக மொத்தம் 21' என்று அந்த நாட்டில் ஒரு வழக்குச் சொல் உண்டு.

ஆண்டுதோறும் நவம்பர் மாதத்து முதல் சனிக்கிழமையை இந்த வாத்தியத்துக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். அன்று உலகில் எங்கெங்கே இதை வாசிப்பவர்கள் இருக்கிறார்களோ, அங்கங்கே அவரவர் ஊரில் கூடி வாசிக்கிறார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தறியாதவர்கள். பாஷை வேறு, மதம் வேறு, பருவகாலம்கூட வேறு. ஒருவர் ஊரில் பனி விழத் தொடங்கியிருக்கும். இன்னொருவர் ஊரில் கோடை நெருங்கிக்கொண்டிருக்கும். அவர்களுக்குப் பொதுவானது அந்தத் தோல் பையும் துருத்தியும்தான்.

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் மாலைவேளையில் என்னுடன் உலாவ வருவார். அவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"தம்பி, நன்றாக உயிரோடு இருக்கிற எதற்காவது இப்படி நாள் குறித்து விழா எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? தாய்க்குத் தினமும் சோறு போடாதவன்தான் வருஷத்தில் ஒரு நாள் மாலை போடுவான். அது கிடக்கட்டும். அயர்லாந்துக்காரன் கொண்டாடட்டும், பாத்தியதை உண்டு. ஜப்பானில் இருப்பவனுக்கு இதில் என்ன பாத்தியதை?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. பதிலை உடனே சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் யோசித்த பிறகுதான் விஷயம் கொஞ்சம் விளங்கிற்று.

முதலில், பாத்தியதை. அந்த வாத்தியத்தைப் பிரித்துப் போட்டுப் பார்த்தால் அதில் அயர்லாந்தின் விளைச்சல் எவ்வளவு தேறும்? பழைய குழல்களில் கருங்காலியும் யானைத் தந்தமும் உண்டு. இரண்டும் அயர்லாந்தில் விளைபவை அல்ல. இன்றைய குழல்கள் பலவற்றுக்கு ஆப்பிரிக்கக் கருமரம். உயிர்நாடியான சீவாளியைச் சீவுவதற்கு வேண்டிய நாணல், தென் ஐரோப்பாவின் வெயிலில் முற்றி வருவது. ஆக, அந்தத் தேசத்தார் தூர தேசங்களிலிருந்து வந்த பொருள்களுக்குத் தங்கள் காற்றைக் கொடுத்தார்கள், தங்கள் பாட்டைக் கொடுத்தார்கள். அதனால் அது அவர்களுடையதாயிற்று. உழைப்பால் சொந்தமான ஒன்று, அதே உழைப்பைத் தருகிற இன்னொருவனுக்கு மட்டும் எப்படி அந்நியமாகும்?

அடுத்து, தூரம். அதை அந்த வாத்தியம் தானாக விரும்பித் தேடவில்லை. 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அடுத்த ஏழு ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் பசியாலும் நோயாலும் மாண்டார்கள். ஏறத்தாழ அதே தொகையினர் கப்பலேறினார்கள். அதன்பின்னும் அந்த ஓட்டம் நிற்கவில்லை. போனவர்களோடு வாத்தியமும் போயிற்று.

போன இடத்தில் அது என்ன ஆயிற்று என்பதுதான் சுவாரஸ்யம். ட்ரோஹெடா என்ற ஊரிலிருந்து டெய்லர் என்னும் குடும்பப் பெயர் கொண்ட இரண்டு சகோதரர்கள் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் குடியேறினார்கள். அங்கே பெரிய பெரிய அரங்குகள். கூடத்தில் பேசிய மெல்லிய குரல் அங்கே எடுபடவில்லை. ஆகவே குழலின் துளையை அகலமாக்கி, சுருதியை உயர்த்தி, கணீரென்று ஒலிக்கும் வாத்தியம் செய்தார்கள். இன்று அயர்லாந்திலேயே பலர் கையில் இருப்பது அந்த வழியில் வந்த குழல்தான். கால்வே பகுதியில் 1865-இல் பிறந்து, சிறு பிராயத்திலேயே அமெரிக்கா போய்ச் சேர்ந்த பாட்ஸி டூஹி என்பவர், நாடக மேடைகளில் வாசித்துப் பிழைத்தார். வீட்டில் உட்கார்ந்து மெழுகு உருளைகளில் தம் வாசிப்பைத் தாமே பதிவு செய்து தபாலில் விற்றார். கார்க் பகுதியிலிருந்து போன பிரான்சிஸ் ஓநீல், சிகாகோ நகரப் போலீஸின் தலைவராக 1901 முதல் 1905 வரை இருந்தவர். நாடு விட்டு வந்தவர்களின் நினைவில் கிடந்த மெட்டுகளை எல்லாம் தேடித் தேடித் திரட்டி, 1903-இல் 1,850 மெட்டுகள் கொண்ட புத்தகமாக வெளியிட்டார். திருடனைத் தேடுகிற உத்தியோகத்தில் இருந்தவர், திருட்டுப்போக இருந்த ஒரு பொக்கிஷத்தைக் கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுத்தார். தூரத்தில் இருந்து நேசித்தவர்கள் வெறும் மாலை போட்டுவிட்டுப் போகவில்லை, சோறும் போட்டிருக்கிறார்கள்.

பிறந்த மண்ணிலோ வாத்தியம் நலிந்துகொண்டே வந்தது. டப்ளினில் லியோ ரௌஸம் போன்ற சிலர் செய்தும் வாசித்தும் சொல்லிக்கொடுத்தும் அதைத் தாங்கிப் பிடித்தார்கள். 1968-இல் வாசிப்பவர்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தபோது, 100 பேர்கூட மிச்சமில்லை என்ற நிலைமை. இன்றைக்கு அந்த 100, பல கண்டங்களில் பரவிய ஆயிரங்களாகியிருக்கிறது. 2017 டிசம்பரில் யுனெஸ்கோ ஸ்தாபனம், மனிதகுலம் போற்றிக் காக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் இந்த வாசிப்புக் கலையைச் சேர்த்தது.

இதையெல்லாம் சொன்னதும் தலைமை ஆசிரியர், "சரி, ஒப்புக்கொள்கிறேன். விழா நடக்கட்டும்" என்று அனுமதி வழங்கினார்! எனக்குத்தான் அதற்குள் வேறொரு சங்கடம் வந்துவிட்டது.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. அழகான ஒரு பொருளைக் கண்டால், அதைக் கையில் வைத்திருந்தவன் யார், அவன் சாப்பிட்டானா, எங்கே தூங்கினான் என்று தேடத் தொடங்கிவிடுவான். அப்படித் தேடியபோது ஜானி டோரன் வந்து சேர்ந்தார்.

டோரன் 1908-இல் பிறந்தவர். அயர்லாந்தில் 'டிராவலர்' என்று ஒரு மக்கள் கூட்டம் உண்டு. அக்காலத்தில் அவர்களுக்குக் குதிரை வண்டியே வீடு. தகரப் பாத்திரம் செப்பனிடுவதும் குதிரை வியாபாரமும் தொழில். அந்த வழிவந்தவர் அவர். ஜான் காஷ் என்ற புகழ்பெற்ற குழல் வித்துவானின் கொள்ளுப் பேரன். வண்டியில் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு, சந்தை கூடும் ஊர், குதிரைப் பந்தயம் நடக்கும் ஊர் என்று போய் வாசிப்பார். மற்றவர்கள் உட்கார்ந்து வாசிப்பதை அவர் நின்றுகொண்டே வாசிப்பாராம். விழுகிற காசுதான் ஜீவனம். மில்டவுன் மால்பே என்ற ஊரில் ஒரு பந்தயத்தின்போது அவர் வாசித்ததைக் கேட்டான் ஓர் இளைஞன். அந்த வாசிப்பு அவனைப் பிடித்துக்கொண்டது. அவன் பெயர் வில்லி கிளான்ஸி. பின்னாளில் அவனும் பெரிய வித்துவானான். 1973-இல் அவர் மறைந்த அதே ஆண்டில், அவர் பெயரால் நண்பர்கள் அவ்வூரில் கோடைப் பள்ளி ஒன்று தொடங்கினார்கள். இன்றும் ஜூலை மாதத்தில் பல தேசத்தவர்கள் அங்கே வந்து குழல் கற்கிறார்கள்.

டோரனின் கதையோ வேறு விதமாக முடிந்தது. 1947-இல் டப்ளினில் நாட்டுப்புற வழக்குகளைத் திரட்டும் ஆணையத்தார் அவரை அழைத்துச் சில பாட்டுகளைத் தட்டில் பதிவு செய்தார்கள். அவ்வளவுதான் இன்று அவருடைய வாசிப்பில் மிஞ்சியிருப்பது. அடுத்த ஆண்டு ஜனவரியில், டப்ளினில் ஒரு சுவரோரம் அவருடைய வண்டி நின்றிருந்தது. புயற்காற்றில் சுவர் இடிந்து வண்டிமேல் விழுந்தது. முதுகெலும்பு நொறுங்கிப் படுத்தவர் 1950-இல் காலமானார். அப்போது அவருக்கு வயது 42-ஐத் தாண்டவில்லை.

அந்தத் தட்டுகளின் நகலை நான் கேட்டிருக்கிறேன். காட்டாறு கரை புரள்வதைப் போன்ற வாசிப்பு. ஒரு கணம்கூட மூச்சு விடாது. கேட்கும்போது எனக்கு சங்கீதத்தோடு கூடவே ஒரு சுவரும் ஞாபகத்துக்கு வருகிறது.

அந்த மக்களை அயர்லாந்து நடத்திய விதம் பெருமைப்படத் தக்கதல்ல. அரசாங்கம் அமைத்த ஒரு குழு 1963-இல் அவர்களுடைய நாடோடி வாழ்வைத் தீர்க்கப்பட வேண்டிய ஒரு பிரச்னையாகவே கண்டது. அவர்களை மற்றவர்களோடு கரைத்துவிடுவதே வழி என்று கருதியது. அவர்கள் தனித்த ஓர் இனத்தவர் என்று அரசாங்கம் அங்கீகரித்தது 2017 மார்ச்சில்தான். வாத்தியத்துக்கு உலக கௌரவம் கிடைத்ததும் அதே ஆண்டில்தான் என்பதைக் கவனியுங்கள்! குழலைச் சந்தை சந்தையாகச் சுமந்தவர்களுக்கும் குழலுக்கும் ஒரே வருஷத்தில் விமோசனம். ஆனால் குழலைக் குறித்து யாரும் அதற்கு முன்பு, 'இது நம் தெருவில் தங்கக் கூடாது' என்று சொன்னதில்லை.

இங்கேதான் தூரத்தைப் பற்றிய கேள்விக்கு எனக்கு ஒரு பதில் தட்டுப்படுகிறது. அருகில் இருப்பவனுக்கு ஆளைத் தெரியும். அவன் எந்தக் குடி, எந்த வண்டி, சட்டையில் எத்தனை கிழிசல் என்பது வரையில் தெரியும். அந்தத் தெரிதலே காதை அடைத்துவிடுகிறது. தூரத்தில் இருப்பவனுக்கு இந்த விவரம் ஒன்றும் எட்டுவதில்லை. பாட்டு மட்டும் எட்டுகிறது. அதனால் அவனால் கள்ளமில்லாமல் நேசிக்க முடிகிறது. இது தூரம் செய்யும் உபகாரம். ஆனால் அதே தூரம் ஒரு அபகாரமும் செய்கிறது. பாட்டு வந்து சேரும்போது பசி வழியிலேயே நின்றுவிடுகிறது. அவன் கொண்டாடுகிற வாத்தியத்தில் தூசி இல்லை, மழை இல்லை, இடிந்த சுவர் இல்லை.

அப்படியானால் என்ன செய்வது? கொண்டாட வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். இந்த வாத்தியமே அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. துருத்திக் காற்றில் மூச்சின் ஈரம் இல்லை. ஆகவே சீவாளி எப்போதும் உலர்ந்தே இருக்கும். வெளியே காற்றில் ஈரம் ஏறினாலும் இறங்கினாலும் அது முரண்டு பிடிக்கும். ஈரமான அயர்லாந்தில் இனிமையாகப் பாடிய சீவாளி, அமெரிக்காவின் வறண்ட குளிர்காலத்தில் வாய் திறக்க மறுக்கும். வாசிப்பவன் கத்தியை எடுத்து, நாணலைச் சீவி, தன் ஊர்க் காற்றுக்கு ஏற்பத் தானே சரிப்படுத்திக்கொண்டாக வேண்டும். அதாவது, தூரத்தில் இருப்பவனுக்கு இந்த வாத்தியம் சலுகை காட்டுவதில்லை. அவனிடம் கூடுதலாகவே உழைப்பு வாங்குகிறது. கைக்கு இருக்கும் இந்த ஒழுங்கு மனத்துக்கும் வேண்டும் என்பதே என் கட்சி. பாட்டைக் கற்கிறவன் அது யாரிடமிருந்து வந்தது என்பதையும் கற்க வேண்டும். அந்த நாட்டு வித்துவான்களிடம் இந்த வழக்கம் இருக்கவே இருக்கிறது. ஒரு மெட்டை வாசிக்குமுன் அதை இன்னாரிடம் கற்றேன் என்று சொல்லிவிட்டுத்தான் பலரும் தொடங்குவார்கள்.

இந்த வழக்கத்தின் அழகுக்கு ஒரு உதாரணம் சொல்லலாம். 1908-இல் லண்டன் நகரத்து அடகுக் கடை ஒன்றில், துண்டு துண்டாகக் கிடந்த ஒரு பழைய குழல் செட்டை ஜேம்ஸ் என்னிஸ் என்பவர் வாங்கினார். டப்ளினில் கோயின் என்ற தச்சர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்தது அது. அதைப் பழுது பார்த்து வாசித்தார். அவருக்குப் பின் அவர் மகன் ஸேமஸ் என்னிஸ் வாசித்தார். ஸேமஸ் 1982-இல் மறைந்தபோது, தமக்குப் பின் அது லியம் ஓஃபிளின் என்ற இளைய வித்துவானுக்கு என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். ஓஃபிளினும் 2018-இல் போய்விட்டார். மனிதர்கள் வருகிறார்கள், போகிறார்கள். அந்தக் கருங்காலித் துண்டுகள் யாருக்கும் சொந்தமாகாமல், எல்லோரிடமும் கொஞ்ச காலம் தங்கிவிட்டுப் போகின்றன. யார் யாரிடம் தங்கின என்ற பெயர்ப் பட்டியல் மட்டும் அழியாமல் கூடவே வருகிறது.

நவம்பர் சனிக்கிழமையில் ஒஸாகாவிலோ மெல்போர்னிலோ ஒருவர் துருத்தியைக் கட்டிக்கொண்டு உட்காரலாம். அவருக்குப் பாத்தியதை உண்டு. வாசிக்கத் தொடங்குமுன் ஜானி டோரன் என்று ஒரு தடவை சொல்லிக்கொண்டால், கடனும் தீரும்.