ஓடிக்கொண்டிருக்கும்போதே

மைசூர் ரயில் நிலையத்தை ஒட்டி, கிருஷ்ணராஜசாகர் சாலையில் இருக்கிறது ரயில் அருங்காட்சியகம். டெல்லியில் தேசிய ரயில் அருங்காட்சியகம் திறந்தது 1977இல், இது 1979இல். மரங்களுக்கு நடுவே, துண்டு துண்டாகக் கிடக்கும் தண்டவாளங்களின் மேல் பழைய மீட்டர் கேஜ் எஞ்சின்கள் நிற்கின்றன. மதிலுக்கு அப்பாலிருந்து ஹாரன் கேட்கும். உள்ளே எதுவும் பதில் சொல்லாது.

ஒரே எஞ்சினின் எதிரே வெகுநேரம் நிற்பது எனக்குப் பழகிவிட்டது. முதல் அரைமணியில் எடுக்கும் படங்கள் எல்லாரும் எடுக்கும் படங்களே. கை ஓய்ந்து கண் நிதானப்பட்ட பிறகுதான் எஞ்சின் தெரிய ஆரம்பிக்கும்.

*

கறுப்பு எஞ்சினைப் படம் பிடிப்பது கடினம். கேமரா எதைக் கண்டாலும் அதை நடுச்சாம்பலாக்கவே பார்க்கும். அதன் போக்கில் விட்டால் பாய்லர் வெளிறிப்போய், பின்னால் உள்ள வானம் வெள்ளைத் தாளாகிவிடும். வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தால்தான் கறுப்பு கறுப்பாக நிற்கும். அதிகமாகக் குறைத்துவிட்டால் சக்கரங்களுக்கு இடையே இருப்பதெல்லாம் ஒரே இருட்டு. பிரேக் கட்டைகள், ஸ்பிரிங்குகள், எண்ணெய்க் கிண்ணங்கள் எதுவும் மிஞ்சாது.

அருங்காட்சியகம் திறக்கும் நேரத்துக்குள் வெயில் ஏறிவிடுகிறது. அதனால் எனக்குப் பிடித்தது மப்பும் மந்தாரமுமான நாள். ஆனி, ஆடியில் மைசூரில் அதற்குப் பஞ்சமில்லை. தூறல் நின்ற கையோடு போனால் பாய்லரின் வளைவு முழுவதும் வானத்தின் வெளிச்சம் மெல்லப் படிந்திருக்கும். இரும்புக்கு இத்தனை சாயல்கள் உண்டா என்று தோன்றும்.

*

இ.எஸ். 506 என்றொரு எஞ்சின். முன்னால் நான்கு சிறிய சக்கரங்கள், நடுவே ஆறு பெரிய சக்கரங்கள், டிரைவர் நிற்கும் இடத்துக்குக் கீழே இரண்டு. 4-6-2 என்று எழுதுவார்கள். பெரிய சக்கரங்களை ஒன்றோடொன்று கோத்துப் பிடித்திருக்கும் நீளமான இரும்பு ராடுதான் ரயில் படமெடுப்பவர்களுக்கு உயிர். அது மேலே இருக்கும்போது எடுத்தால் சக்கரங்களின் நடுப்பகுதியை மறைத்துக்கொண்டு ஒரு குழப்பம் தெரியும். கீழே இறங்கியிருக்கும்போது எடுத்தால் ஆரக்கால்கள் விரிந்து, எஞ்சின் காலூன்றி நிற்பது தெரியும். ஓடுகிற எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கணம் இது வாய்க்கும். அந்தக் கணத்துக்காகவே பாதையோரத்தில் காத்திருந்தவர்கள் உலகமெங்கும் இருந்திருக்கிறார்கள்.

நின்றுவிட்ட எஞ்சினில் அந்த வாய்ப்பு இல்லை. கடைசியாகத் தள்ளிக்கொண்டுவந்து எந்த நிலையில் நிறுத்தினார்களோ, ராடு அந்த நிலையில்தான் இருக்கும். படமெடுப்பவன்தான் இடம் மாறிக்கொள்ள வேண்டும்.

பக்கத்தில் போய்ப் பார்த்தால், வண்ணத்தின் மேல் வண்ணம் பூசிப் பூசி ரிவெட் தலைகள் மழுங்கியிருக்கின்றன. பராமரிப்பவர்களின் அக்கறை அது. குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் என் கண் தேடுவது வண்ணம் மூடாத இடங்களை. படியேறும் இடத்தில் தேய்ந்த விளிம்பு. கை பிடித்துப் பிடித்து வழவழப்பான கைப்பிடிக் கம்பி. யாரோ ஒருவர் ஒவ்வொரு நாளும் ஏறி இறங்கியதற்கு மிஞ்சியிருக்கும் சாட்சி இவை. அவற்றை மட்டும் தனியாக, நெருக்கத்தில் எடுத்து வைத்திருக்கிறேன்.

*

கூட்டம் போவது மகாராணியின் சலூனுக்கு. 1899ஆம் ஆண்டுப் பெட்டி. சமையலறை, சாப்பாட்டு அறை எல்லாம் உண்டு. அழகானதுதான். என்னை நிறுத்தி வைப்பது ஆஸ்டின் கார். சாலையில் ஓடிய காருக்கு ரயில் சக்கரம் மாட்டித் தண்டவாளத்தில் ஓடவிட்டிருக்கிறார்கள். அரண்மனைக்காகச் செய்த பொருளைவிட, கையில் இருந்ததை வைத்து வேலையை முடித்தவர்களின் பொருளில் மனிதர்கள் அதிகம் தெரிகிறார்கள்.

*

ஒரு நாள் பக்கத்தில் வந்து நின்ற பெரியவர், நான் எடுத்த படத்தைக் காட்டச் சொன்னார். பழைய ரயில்வேக்காரர் என்பது அவர் எஞ்சினைப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆளைக் காணோமே?"

"அருங்காட்சியகத்துல எஞ்சின் மட்டும்தானேங்க ஐயா இருக்கு?"

"டிரைவர் ஒருத்தர், ஃபயர்மேன் ரெண்டு பேர். மூணு பேர் இல்லாம இது நகராது. உங்க ஆளுங்க அப்பவும் எஞ்சினைத்தான் எடுத்தாங்க. எங்களை ஒதுங்கி நிக்கச் சொல்லுவாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, சிலிண்டர் பக்கம் போய்க் கையை வைத்துப் பார்த்தார். அந்தக் கையை எடுக்க அனுமதி கேட்டேன். கொடுத்தார். நான் எடுத்த மைசூர்ப் படங்களில் எனக்கு வேண்டியது அதுதான்.

*

அமெரிக்காவில் ஓ. வின்ஸ்டன் லிங்க் என்றொருவர். 1955 முதல் 1960 வரை நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயின் கடைசி நீராவி எஞ்சின்களைப் பெரும்பாலும் இரவில் படமெடுத்தார். வரிசையாக ஃபிளாஷ் பல்புகளைக் கட்டி, ஒரே நொடியில் எரியவிட்டு எடுப்பார். அவருடைய புகழ்பெற்ற படம் ஒன்றில் ரயில் பின்னால் போகிறது. முன்னால் காருக்குள் உட்கார்ந்து ஒரு ஜோடி திறந்தவெளி சினிமா பார்க்கிறது. ரயில் ஒலிகளையும் பதிவுசெய்து வைத்தார். எஞ்சின் போய்விடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் எஞ்சினோடு சேர்ந்து போய்விடப்போகிற வாழ்க்கையையும் படச்சட்டத்துக்குள் இழுத்துக்கொண்டார். பெரியவர் கேட்ட கேள்விக்கு அவரிடம் பதில் இருந்திருக்கும்.

*

பெங்களூர்–மைசூர்ப் பாதையின் மண்வேலை பஞ்ச நிவாரணமாகத் தொடங்கியது. தமிழ்நாட்டில் தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்வார்களே, 1876–78, அதே பஞ்சம். 1882இல் ரயில் மைசூரை எட்டியது. தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலம், அதுதான் மீட்டர் கேஜ். நூறாண்டுகளுக்கு மேல் ஓடிய அந்தச் சின்னப் பாதை 1990களில் 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதையாக மாறியது. பசியோடு மண் சுமந்தவர்களில் ஒருவருடைய முகமும் எனக்குத் தெரியாது. அது புகைப்படம் அரிதாக இருந்த காலம், போகட்டும். ஆனால் மீட்டர் கேஜின் கடைசி ஆண்டுகளில் கேமரா பல வீடுகளில் இருந்தது. அப்போதும் சாதாரணப் பாசஞ்சர் வண்டியை எடுத்தவர்கள் சிலரே. தினமும் வருவதை யார் எடுப்பார்கள்?

நஞ்சன்கூட்டில் கபினி ஆற்றின் மேல் ஒரு கல்பாலம் இருக்கிறது. தளவாய் தேவராஜன் காலத்தில், 1735இல் கட்டியது. ரயில் என்ற ஒன்று உலகில் ஓடத் தொடங்குவதற்கு முன்பே எழுந்த அந்தப் பாலத்தின் மேல் பின்னாளில் மீட்டர் கேஜ் ரயிலும் போனது, பக்கத்திலேயே சாலையும் போனது. அகலப்பாதைக்குப் புதுப் பாலம் வந்தது. மாட்டுவண்டியும் ரயிலும் அந்தக் கல்பாலத்தின் மேல் பக்கம் பக்கமாகப் போகும் ஒரு படத்துக்காக நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். யாருடைய ஆல்பத்திலாவது இருக்கும்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இரட்டைப் பாதை போட, குறுக்கே இருந்த திப்பு சுல்தான் காலத்து ஆயுதக் கிடங்கை இடிக்காமல், சுமார் ஆயிரம் டன் எடையை அப்படியே பெயர்த்து 2017இல் நகர்த்தி வைத்தார்கள். மனது வைத்தால் எதையும் காப்பாற்றலாம் என்பதற்கு அந்தக் கட்டடமே போதும்.

*

உயிருள்ள நீராவியைப் பார்க்க மைசூரிலிருந்து மலையேறிப் போக வேண்டும், குன்னூருக்கு. நீலகிரி ரயிலின் எக்ஸ் வகை எஞ்சினுக்கு ஒவ்வொரு பக்கமும் இரண்டு சிலிண்டர்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. சாதாரணப் பாதையில் கீழ் சிலிண்டர்தான் வேலை செய்யும். கல்லாறு தாண்டிப் பல்சக்கரப் பாதை ஏறும்போது மேல் சிலிண்டரும் சேர்ந்துகொள்ளும். ஷட்டரை மெதுவாக வைத்து எடுத்தால், கீழே மட்டும் அசைவு கலங்கியிருக்கிறதா, மேலேயும் கலங்கியிருக்கிறதா என்பதைக்கொண்டே எஞ்சின் மலையில் இருக்கிறதா சமவெளியில் இருக்கிறதா என்று சொல்லிவிடலாம். எஞ்சின் படும் பாடு படத்தில் பதிவது அப்படித்தான். பொன்மலைப் பணிமனையில் இன்றும் இந்த வகை எஞ்சினைப் புதிதாகச் செய்யத் தெரிந்த கைகள் இருப்பது நமக்கெல்லாம் பெருமை.

*

2022 நவம்பர் 11 அன்று சென்னை–மைசூர் வந்தே பாரத் தொடங்கியது. தென்னிந்தியாவின் முதல் வந்தே பாரத். அந்த முதல் ஓட்டத்தை ஆயிரம் ஃபோன்கள் எடுத்தன. நல்லதுதான். ஆனால் காலையில் சென்னையிலிருந்து வந்து நிற்கும் காவேரி எக்ஸ்பிரஸை, ஜன்னல் கம்பியில் துண்டு காயும் பெட்டியை, மடித்த போர்வையோடு இறங்கும் குடும்பத்தை எடுத்தவர்கள் எத்தனை பேர்? நாளைக்கு அரிதாகப்போவது இவைதான். சாம்ராஜநகர் பாசஞ்சரின் கூட்டம், அசோகபுரம் பணிமனையிலிருந்து ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும் ஆட்கள், கையால் வண்ணம் தீட்டிய ஊர்ப்பலகை. இப்போதெல்லாம் என் கேமரா அருங்காட்சியக மதிலுக்கு வெளியேதான் அதிகம் இருக்கிறது.

பிளாட்பாரத்தில் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால், சாலை மேம்பாலத்தில், கேட்டுக்கு வெளியே என்று பாதுகாப்பான இடங்கள் எவ்வளவோ உண்டு. தண்டவாளத்தில் இறங்கி எடுத்த படம் எவ்வளவு நன்றாக வந்தாலும் நான் அதைப் பாராட்டமாட்டேன். மின்சார எஞ்சின் வருவது காதுக்கு எட்டும்போது மிகப் பக்கத்தில் வந்திருக்கும். அத்துமீறி இறங்குவது ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி குற்றமும்கூட. ஆறு மாதம் வரை சிறை உண்டு.

*

இதைப் படிப்பவர்களில் ரயில்வேக் குடும்பத்தார் இருந்தால் ஒரு வேண்டுகோள். அப்பாவோ தாத்தாவோ எஞ்சின் அருகில் நிற்கும் படம் ஒன்று வீட்டில் இருக்கும். அதைத் தேடி எடுங்கள். யார், எந்த ஷெட், எந்த ஆண்டு என்று தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்புறம் எழுதி வையுங்கள். பேனா மை ஊறிப் படத்தைக் கெடுக்கும். பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள்.