வீழ்த்தும் கையின் கடமை

ஓர் இடத்துக்குப் புனிதம் எங்கிருந்து வருகிறது? மண்ணிலிருந்தா, சடங்கிலிருந்தா, உள்ளே கால் வைக்கும் மனிதரிடமிருந்தா? கோயிலை வைத்துக் கேட்டால் பழக்கத்தில் ஒரு பதில் வந்துவிடும். நான் மலாய்த் தற்காப்புக் கலையான சிலாட்டின் களத்தை வைத்துக் கேட்கிறேன். அடிக்கவும் வீழ்த்தவும் கற்றுத்தரும் இடத்தை மக்கள் ஏன் இத்தனை காலம் வணங்கி மிதித்தார்கள்?

மலேசியாவின் நெகிரி செம்பிலானில், கோலாப்பிலாவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். எங்கள் தொழிலாளர் லயத்துக்கும் மலாய்க் கிராமமான கம்பத்துக்கும் நடுவே ஓர் ஓடை. அக்கரையில் சிலாட் குருவின் வீட்டு முற்றம்தான் களம். கூரை இல்லை, வேலி இல்லை. இஷா என்னும் இரவுத் தொழுகை முடிந்து மண்ணெண்ணெய் விளக்கு ஏற்றிய பிறகுதான் பயிற்சி தொடங்கும். ரம்புத்தான் வேர் ஒன்று முற்றத்தின் குறுக்கே புடைத்துக் கிடக்கும். அதை யாரும் வெட்டவில்லை. அதனால் ஆடுபவனின் கால் பெருவிரல் முதலில் தரையைத் தடவிப் பார்க்கும், பிறகுதான் உடம்பின் எடை இறங்கும். புதிதாகச் சேர வருபவன் எலுமிச்சையும் வெள்ளைத் துணியும் கொண்டுவருவான். வம்புக்குப் போகமாட்டேன், பெற்றவர்களை எதிர்க்கமாட்டேன் என்று குருவிடம் வாக்குக் கொடுத்த பிறகே அவனுக்கு முதல் அடி சொல்லித்தரப்படும்.

அந்தக் கம்பத்தாரின் முன்னோர் மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவ் நாட்டிலிருந்து வந்தவர்கள். அங்கே வளர்ந்த பையன்கள் இரவில் சூராவ் என்னும் சிறு தொழுகைக்கூடத்திலேயே படுத்துக்கொள்வது வழக்கமாக இருந்தது. குர்ஆன் ஓதுவதும் ஊர் வழக்கம் கற்பதும் அங்கேதான். சிலாட் பழகுவதும் அதை ஒட்டித்தான். தொழுகையும் சண்டைப் பயிற்சியும் ஒரே வாழ்க்கையின் இரண்டு வேளைகளாக இருந்தன.

பிறகு களம் இடம் மாறியது. 1948இல் சுரகார்த்தாவில் இந்தோனேசியாவின் தேசியச் சிலாட் சங்கம் அமைந்தது. 1987இல் சிலாட் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிக்குள் வந்தது. 1997இல் ஜகார்த்தாவின் தாமான் மினியில் அதற்கென்று பெரிய பயிற்சி வளாகமே எழுந்தது. போட்டி மெத்தையில் இன்று 8 மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் மோதுகிறார்கள்.

இந்த மாற்றத்தைப் பற்றி இரண்டு விதமான மனக்குறைகளைக் கேட்டிருக்கிறேன். மண் போனதோடு சிலாட்டின் உயிரும் போயிற்று என்பார்கள் மூத்தவர்கள். எலுமிச்சையும் மந்திரமும் ஏகத்துவத்துக்கு ஒவ்வாதவை, அவை ஒழிந்ததே நல்லது என்பார்கள் சமயச் சீர்திருத்தக்காரர்கள். 1963இல் யோக்யகார்த்தாவில் முஹம்மதியா என்னும் இஸ்லாமியச் சீர்திருத்த இயக்கத்தவர் தொடங்கிய தாப்பாக் சூச்சி என்னும் சிலாட் பள்ளி அந்த வழியில் போனதுதான். இருவரையும் மதிக்கிறேன். ஆனாலும் இருவருமே பொருள்களை முன்னிறுத்திப் பேசுகிறார்கள். எனக்கு அந்த முற்றத்தில் பெரிதாகப் பட்டது வேறு.

அங்கே ஒருவன் மற்றவனைப் புரட்டிப் போடும்போது மணிக்கட்டை விடமாட்டான். விழுகிறவனின் முதுகு தரையில் படும்வரை அந்தப் பிடி இருக்கும். தலை அடிபடாதபடி கடைசி நொடியில் கையைச் சற்றே மேலே இழுப்பான். யாராவது பிடியைச் சீக்கிரம் விட்டுவிட்டால் குரு ஆட்டத்தை நிறுத்திவிடுவார். தரை கெட்டி. விழுந்தவனுக்குத் தரை இரங்காது, வீழ்த்தியவன்தான் இரங்க வேண்டும். எதிரியின் உடம்புக்கு நான் பொறுப்பு என்பதை அந்த மண் ஒவ்வொரு இரவும் கற்றுக்கொடுத்தது. களத்தின் புனிதம் என்று நான் சொல்வது இதைத்தான்.

மெத்தை வந்ததும் அந்தப் பொறுப்பை மெத்தை வாங்கிக்கொண்டது. எதிரியை வீழ்த்தினால் 3 புள்ளி என்பது போட்டி விதியானது. வீழ்ந்தவனைத் தாங்கிய கைக்குப் புள்ளி கிடையாது.

அதற்காக முற்றத்துக்கே திரும்புவோம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த முற்றத்தில் பெண் பிள்ளைகளை நான் கண்டதில்லை. தமிழ்ப் பையனான நான் ஓடைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி. இன்று என் அண்ணன் பேத்தி சிரம்பானில் பள்ளி மண்டபத்து மெத்தையில், மலாய்த் தோழிகளோடு சிலாட் பழகுகிறாள். முற்றம் திறக்காத கதவை மண்டபம் திறந்திருக்கிறது. இதுவும் அறம்தான், சிறிய அறமும் இல்லை.

ஆகவே மண்டபத்தில் சொல்லிக்கொடுப்பவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். முன்பு கெட்டித் தரை கற்பித்ததை இனி நீங்கள்தான் வாய்திறந்து கற்பிக்க வேண்டும். மெத்தை எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் பிடியை விடாதே என்று முதல் நாளே சொல்லுங்கள். அந்த வாக்கைப் பிள்ளைகளிடம் வாங்குங்கள். பிறரை வீழ்த்தும் வலிமையைத் தருவதற்கு முன்னால், வீழ்ந்தவரைக் காக்கும் கடமையை எந்த இடம் கேட்டு வாங்குகிறதோ, அது குருவின் வீட்டு முற்றமானாலும் பள்ளி மண்டபமானாலும் புனிதமான இடம்.